கரடி வராத இடம்

முதலில் போனது ஏரிக்கரை வீடா, மலை வீடா என்பதில் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஏரிக்கரை வீடு என்றுதான் நினைக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். அவர்களில் ஒருவர் அதிகம் பேசமாட்டார். இன்னொருவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியவில்லை.

அதனால் ஏரிக்கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று மாலை அவர் வேலை முடிந்து வந்து ஒரு கால் செருப்பைத்தான் கழற்றியிருந்தார். அதற்குள் மனைவி கூடத்திலிருந்து சொன்னாள்.

"ஏங்க, வீடு போச்சு."

"எந்த வீடு?"

"நம்ம வீடுதான். ஏரிக்கரையில கட்டினோமே. கரடி வந்து நொறுக்கிட்டுப் போயிடுச்சு."

அவர் மற்றொரு செருப்போடு அப்படியே உள்ளே வந்தார். மேசைமேல் இருந்த கணினியின் திரையில் ஏரி அமைதியாகக் கிடந்தது. கரையில் மரக்கட்டைகள் சிதறிக் கிடந்தன. நேற்று சுவராக இருந்தவை.

"கூரையுமா?"

"கூரையும்தான்."

"நேத்துதானே கூரை போட்டேன்."

"கரடிக்கு அது தெரியுமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செருப்பு காலிலேயே இருந்தது. அதை மனைவி பார்த்தாள்.

அது கணினி விளையாட்டில் கட்டிய வீடு. ஆளில்லாத ஒரு காட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பசி, குளிர், தூக்கம் மூன்றையும் சமாளித்து, மரம் வெட்டி, கல் பொறுக்கி, எங்காவது ஓரிடத்தில் குடியேற வேண்டும். எங்கே குடியேறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் நல்ல மரம் இருக்காது. மரம் இருக்கும் இடத்தில் குளிர் தாங்காது. எல்லாம் இருக்கும் இடத்தில் வேறு ஏதாவது இருக்கும்.

அவருடைய பிழைப்பும் ஒருவிதத்தில் இடிந்த வீடுகள்தான். காப்பீட்டு நிறுவனத்தில் மதிப்பீட்டாளர். எங்கேயாவது கடையோ கிடங்கோ எரிந்துபோனால் அவரை அனுப்புவார்கள். போய்ச் சாம்பலைக் கிளறி, சுவரில் படிந்த கரியைப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, முதலாளியே வைத்ததா என்று சொல்வார். அவர் சொன்னால் அதற்குமேல் அப்பீல் இல்லை. ஒருமுறை மெத்தைக் கடை ஒன்றில், இவர் வாசல்படி ஏறுவதற்குள் முதலாளி ஓடிவந்து, "எலி சார், எலிதான் ஒயரைக் கடிச்சிடுச்சு" என்று அழுதார். இவர் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தார்.

"அவரே வச்சதுதான்" என்றார், கூட வந்த போட்டோக்காரரிடம்.

"எலின்னு சொல்றாரே சார்?"

"நாம கேக்கவே இல்லையே."

அவ்வளவுதான். போட்டோக்காரர் இந்தக் கதையை அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

வீட்டில் அவர் பேசுவதெல்லாம் 'ஆச்சு' என்றுதான் முடியும். குளிச்சாச்சு. சாப்பிட்டாச்சு. மின்கட்டணம் கட்டியாச்சு. கதவு பூட்டியாச்சு. நடந்து முடிந்ததை மட்டும் தெரிவிப்பார். இனி நடக்கவேண்டியதைப் பற்றியும் அவருக்கு யோசனைகள் இருந்திருக்கும். அவை வாய்வரை வந்ததில்லை. கோபம், வருத்தம் என்றெல்லாம் இல்லை. உண்மையில் மனம் நிறைந்திருக்கும்போதுதான் அவர் அதிகம் மௌனமாக இருந்தார். ஆனால் அது மனைவிக்குத் தெரிய வழியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மௌனமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மகள் இருந்தவரை வீட்டில் சத்தம் இருந்தது. அவள் கல்யாணமாகி, தொலைவில் ஒரு ஊருக்கு வேலைக்குப் போய், இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறாள். தினமும் மாலையில் போன் செய்வாள்.

"அம்மா, நீ இங்க வந்திடேன்."

"கொஞ்ச நாளைக்கா?"

"எதுக்குக் கொஞ்ச நாள்? வந்தா இங்கயே இரு. அங்க நீ யார்கிட்ட பேசப் போற? அப்பா லீவு கிடைக்கும்போது வரட்டும்."

மனைவி இதை அப்படியே கணவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை செய்பவள் அவள். சீட்டைக்கூடப் பார்க்காமல், வந்து நிற்பவரின் முகத்தை வைத்தே வயிற்று வலியா தலைவலியா என்று சொல்லிவிடுவாள். இந்த முகத்தில் மட்டும் அவளால் எதையும் படிக்க முடிந்ததில்லை.

அவர் நெடுநேரம் யோசித்தார். சொல்ல வந்தது 'போகாதே' என்ற ஒரே வார்த்தைதான். அது தொண்டைவரை வந்தது. வந்த இடம் பிடித்துப்போய் அங்கேயே குடியேறிவிட்டது.

"உன் இஷ்டம்" என்றார்.

மனைவி தன் தம்பிக்குப் போன் செய்து என்ன சொன்னாளோ தெரியாது. கணினி வேலையில் இருக்கும் அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். கூடத்துக் கணினியிலும், மகள் விட்டுப்போன மடிக்கணினியிலும் இந்த விளையாட்டை ஏற்றினான்.

"மாமா, இந்த உலகம் என் வீட்டு மெஷின்ல ஓடும். நீங்க ரெண்டு பேரும் எப்ப வேணா உள்ள போகலாம், வரலாம். சும்மா விளையாடிப் பாருங்க."

"இந்த வயசுல நமக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்?"

"வயசுக்கும் இதுக்கும் என்ன மாமா? குளிரும் பசியும் எல்லாருக்கும்தானே."

முதல் மாலை இருவரும் ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய ஆள் சிவப்புத் தொப்பி போட்டிருந்தான். அவளுடைய ஆள் பச்சைக் கோட்டு. சுற்றிலும் காடு. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார்:

"தண்ணி எந்தப் பக்கம் இருக்கும்னு நினைக்கிற?"

மனைவி திடுக்கிட்டுத் திரும்பி, திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அது கேள்வி. பதிலை எதிர்பார்த்து, அவளிடமே கேட்கப்பட்ட கேள்வி. கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படியொன்றைக் கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை.

"கிழக்க இருக்கலாம்" என்றாள் மெதுவாக. கிழக்கு எது என்று அவளுக்குத் தெரியாது.

"எதை வச்சுச் சொல்ற?"

இரண்டாவது கேள்வி. அன்று அவர்கள் சாப்பிட உட்காரும்போது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. நல்ல இடமாகப் பார்த்து, நல்ல வீடாகக் கட்டிவிட்டால் அவள் போகமாட்டாள். தன் கையால் சுவர் எழுப்பிய வீட்டை விட்டு யாரும் சட்டென்று கிளம்பிவிட மாட்டார்கள். விளையாட்டில் கட்டிய வீட்டுக்காக ஒருத்தி நிஜத்தில் எப்படித் தங்குவாள்? அலுவலகத்தில் யாராவது இப்படி எழுதிக்கொடுத்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார். இருந்தாலும் அதைத்தான் நம்பினார். சொல்ல முடியாதவருக்குக் கட்டத்தானே முடியும்?

அப்படித்தான் ஏரிக்கரை வீடு வந்தது. கூரை போட்டு முடித்த அன்று அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்:

"கட்டியாச்சு."

"இனிமே என்னங்க பண்றது?"

"இருக்க வேண்டியதுதான்."

"இருக்கறதுன்னா?"

"சும்மா இருக்கறது."

சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு நிறைவாக இருந்தது அவருக்கு. மறுநாள்தான் கரடி.

செருப்புக் காலோடு அவர் இடிபாடுகளை ஆராய்ந்தார். இருபது வருட அனுபவம் வீண்போகவில்லை.

"கதவு உடையல. திறந்திருக்கு. அதுவும் உள்ளேருந்து."

"அப்படியா?"

"மீன் பெட்டி அப்படியே இருக்கு. ஒரு மீனைக்கூடத் தொடல. ஆனா கோடாலியைக் காணோம்."

"கரடி எடுத்துட்டுப் போயிருக்கும்."

அவர் தாடையைத் தடவினார். "இந்த விளையாட்டைச் செஞ்சவன் கரடிக்கு ரொம்ப மூளை வச்சிருக்கான்."

"ஆமாங்க" என்றாள் மனைவி. "கெட்டிக்காரக் கரடி."

அன்று சாப்பாட்டின்போது அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. ஏரி என்றால் மீன் இருக்கும், மீன் இருந்தால் கரடி வரும், இதை நாம் முதலிலேயே யோசித்திருக்கவேண்டும், தப்பு இடத்தில் இல்லை நம்மிடம்தான், உனக்கு என்ன தோணுது, மலைப் பக்கம் போனால் ஒரே வழிதான் இருக்கும், காவல் சுலபம், ஆனால் தண்ணீர்? அவள் பதில் சொல்லச் சொல்ல இவர் அதற்கு எதிர்க்கேள்வி போட்டார். இடையில் போன் அடித்தது.

"என்னம்மா முடிவு பண்ணின?" என்றாள் மகள்.

"இன்னும் இடம் அமையலடி."

"என்ன இடம்?"

"அது உனக்குப் புரியாது. அப்பா பேசிட்டிருக்கார், நான் அப்புறம் கூப்பிடறேன்."

"யாரு பேசிட்டிருக்கா?" என்று மகள் கேட்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

மலைக் குகைக்கு முன்னால் கல்லால் கட்டினார்கள். ஒற்றையடிப் பாதை. கரடி வந்தால் நேருக்கு நேராகத்தான் வரவேண்டும். தண்ணீருக்குப் பனியை உருக்கவேண்டியிருந்தது. அதனால் வீட்டுக்குள் எப்போதும் அடுப்பு எரிந்தது. குளிரில் அவருடைய சிவப்புத் தொப்பி ஆள் இரண்டு முறை செத்துப் பிழைத்தான். இரண்டு முறையும் மனைவி, "போதும் விடுங்க, கீழ போயிடலாம்" என்றாள். அவர் கேட்கவில்லை. கடைசிக் கல்லை வைத்துவிட்டு, "கட்டியாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் வீடு பழைய வீடாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. அவர் மனம் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். மனைவி எதிரில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையை எண்ணுவதுபோல ஏதோ ஒன்றை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் மாலை:

"ஏங்க, மலையிலயும் வந்திடுச்சு."

இந்தமுறை தீ. கல் மட்டும் கறுத்துப்போய் நின்றது. கூரை, கட்டில், விறகு எதுவும் இல்லை.

"கரடி எப்படித் தீ வைக்கும்?"

"அடுப்பைத் தட்டி விட்டுடுச்சுங்க. என் கண்ணால பாத்தேன்."

"நீ அப்ப எங்க இருந்த?"

"விறகு பொறுக்கப் போயிருந்தேன்."

"அப்புறம் எப்படிப் பாத்த?"

"தூரத்துலேருந்து."

அவர் கறுத்த கல்லை நெருங்கிப் பார்த்தார். கரி எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்தார். தீ கட்டிலுக்கு அடியிலிருந்து தொடங்கியிருந்தது. அடுப்பு எதிர்மூலையில்.

"கட்டிலுக்கு அடியில பிடிச்சிருக்கே" என்றார்.

"உருண்டு போயிருக்கும்."

"எது?"

"கொள்ளி."

அவருக்குக் குழப்பமாக இருந்தது. மெத்தைக் கடையில் ஒரு சுற்றில் தெரிந்துவிடுகிற விஷயம் இங்கே ஏன் தெரியவில்லை? ஒருவேளை விளையாட்டில் தீ வேறுமாதிரிப் பரவுமோ? எரிந்த கடைகளில் அவர் யாரையும் நம்பியதில்லை. எதிரில் நிற்பவர் பொய் சொல்கிறார் என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். இங்கே எதிரில் நின்றது மனைவி. ஆரம்பிக்கவேண்டிய இடமே அவருக்குக் கிடைக்கவில்லை.

மலை போனபின் புல்வெளி. நாலு பக்கமும் திறந்த வெளி. கரடி எங்கிருந்து வந்தாலும் தெரியும். தீ அபாயம் என்று அடுப்பே வைக்கவில்லை.

"அடுப்பு இல்லாம அது என்னங்க வீடு?"

"பாதுகாப்பு முக்கியம்."

"பச்சை மீனைத் திங்கறதுக்கா பாதுகாப்பு?"

இரட்டை வேலி போட்டார். வேலிக்குள் வேலி. வாசலுக்கு வாசல் போக அவருக்கே வழி தெரியாமல், ஒருநாள் சிவப்புத் தொப்பி ஆள் இரண்டு வேலிகளுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றிப் பசியில் மயங்கி விழுந்தான். மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். கட்டி முடித்தது, 'ஆச்சு' சொன்னது, மௌனம். பிறகு கரடி. வேலிக்கு ஒரு கீறல்கூட விழாமல், வீடு மட்டும் நடுவில் தரைமட்டமாகக் கிடந்தது.

இப்போது இந்தக் குழப்பம் வேலைக்கும் போயிற்று. ஒருநாள் மேலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இவர் எழுதிய அறிக்கை இருந்தது.

"சார், இது என்ன சார்? சேதத்துக்குக் காரணம் மின்கசிவு. சரி. அடுத்த வரி... கரடி வந்ததற்கான தடயம் எதுவும் இல்லை."

இவர் எட்டிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான்.

"இது துணிக்கடை சார். மூணாவது மாடி. அங்க எப்படி சார் கரடி வரும்?"

"அதான் சார், வரலைன்னு எழுதியிருக்கேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இருபது வருடத்தில் இந்த மனிதர் ஒரு எழுத்துப் பிழைகூட விட்டதில்லை.

"உக்காருங்க சார். வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"வீடே நிக்க மாட்டேங்குது சார்" என்றார் இவர். சொன்னபின் நிறுத்த முடியவில்லை. ஏரி, மலை, புல்வெளி, கதவு, கொள்ளி, வேலி எல்லாம் சொன்னார். மகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மேலாளர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "நடுவுல தண்ணி ஏதாவது இருக்கா சார்? தீவு மாதிரி?"

"ஏரிக்கு நடுவுல ஒண்ணு இருக்கு."

"அங்க கட்டுங்க! சுத்தித் தண்ணி. கரடி என்ன பண்ணிடும்?"

கோப்பு கொடுக்க வந்த போட்டோக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "கரடி நீந்தும் சார். டிவியில பாத்திருக்கேன்."

"நீங்க சும்மா இருங்க. அது வேற கரடி."

"எல்லாக் கரடியும் ஒரே கரடிதான் சார்."

"இவரைக் கேட்டா வீடு கட்டின மாதிரிதான். தீவுதான் சார். எழுதிக் கொடுக்கறேன் வேணும்னா."

தீவு வீடு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக அமைந்தது. மிதவையில் மரம் கொண்டுபோனார்கள். சூரியன் உதிக்கும் பக்கம் அவள் ஒரு ஜன்னல் கேட்டாள், வைத்தார். அடுப்பு கேட்டாள், கல்லில் தனியாகக் கட்டினார். வேலை நடந்த நாட்களில் மாலைநேரம் போதவில்லை. எதைப் பேசத் தொடங்கினாலும் எங்கெங்கோ போயிற்று. எரிந்த மெத்தைக் கடைக்காரரைப் பற்றிக்கூட அவர் சொன்னார். அவள் அதைக் கேட்டு ஒரு நிமிடம் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலியை நீங்க நம்பவே இல்லையா?" என்றாள்.

"எலி எங்க இருந்துச்சு நம்பறதுக்கு?"

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம் மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்மா. வர்றதா இருந்தா வா. இல்லைன்னா இப்பவே சொல்லிடு, நான் வேற ஏற்பாடு பண்ணணும். இதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது."

வெள்ளிக்கிழமை தீவு வீடு முடிந்தது. ஜன்னல் வழியாக ஏரியில் வெயில் பளபளத்தது. இரண்டு பேரின் ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சிவப்புத் தொப்பியும் பச்சைக் கோட்டும்.

"இங்க கரடி வராது" என்றார் அவர்.

"வராதுதான்" என்றாள் அவள்.

அவள் காத்திருந்தாள். இப்போது சொல்லவேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது. இதற்காகத்தானே இவ்வளவும் கட்டியது? அவர் வாயைத் திறந்தார்.

"கட்டியாச்சு" என்றார்.

அவள் எழுந்துபோய் அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினாள். அவர் பெட்டியைப் பார்த்தார். அதன் மேலிருந்த தூசியைப் பார்த்தார். அவள் அதைத் துணியால் துடைப்பதையும் பார்த்தார். பிறகு செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டார். ஒரு எழுத்தும் ஓடவில்லை.

சனிக்கிழமை காலை அவருக்கு வேலை இருந்தது. கிளம்பும்போது அவள் கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். இவர் படியிறங்கித் தெருமுனையைத் தாண்டுவதற்குள் போன் வந்தது.

"ஏங்க, கரடி நீந்துமாம்ங்க."

அவர் நடைபாதையிலேயே நின்றார். பின்னால் வந்தவர் இடித்துவிட்டுத் திட்டிக்கொண்டு போனார்.

"ஜன்னல்?"

"ஒண்ணும் மிச்சமில்ல."

"நான் மச்சானுக்குப் போன் பண்றேன். அந்தக் கரடியை எடுத்துவிடச் சொல்றேன்."

"அவனை எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க? விளையாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்." அவள் குரல் வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. "நாம வேற இடம் பாத்துக்கலாம்."

"எத்தனை இடம்தான் பாக்கறது? நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

அலுவலக மாடிப்படியில் ஆள் நடமாட்டம் இல்லாத திருப்பத்தில் நின்றுகொண்டு மச்சானைக் கூப்பிட்டார்.

"மச்சான், எனக்கு ஒரு உதவி பண்ணணும். அந்தக் கரடியை எடுத்துடுங்க."

"எந்தக் கரடி மாமா?"

"விளையாட்டுல இருக்கற கரடி. நாலு வீட்டை இடிச்சிடுச்சு. ஒண்ணுல தீ வேற."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"மாமா, இல்லாததை எப்படி எடுக்கறது? உங்க உலகத்துல நான் கரடியே போடலையே."

"நல்லாப் பாருங்க மச்சான். ஓநாயாகூட இருக்கலாம்."

"ஓநாயும் இல்ல. அக்காதான் முதல் நாளே சொன்னாங்க, பயமா இருக்கு, கடிக்கிற எதுவும் வேணாம்னு. மானும் முயலும்தான் விட்டிருக்கேன். முயல் தீ வைக்காதுல்ல மாமா?"

"அப்ப வெளி ஆள் யாராவது உள்ள புகுந்திருப்பானா?"

"புக முடியாது. கதவு என்கிட்ட இருக்கு. நானும் உள்ள வர்றதில்ல. அந்த உலகத்துல உங்க ரெண்டு பேரைத் தவிர மனுஷங்க யாருமே இல்ல மாமா."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே யாரோ செருப்புச் சத்தத்தோடு நடந்துபோனார்கள். இடிந்த வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏரிக்கரை வீடு, அவர் செய்தித்தாளோடு எழுந்துபோன மறுநாள். மலை வீடு, அத்தனை நாள் அமைதிக்குப் பிறகு. புல்வெளி, அப்படியே. தீவு, இன்று. அவர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் ஒரு வீடு இடிந்திருக்கிறது. இடிந்த ஒவ்வொரு முறையும் அவர் மறுபடி பேசியிருக்கிறார்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா? வேணும்னா யாரு எப்ப என்ன பண்ணாங்கன்னு எடுத்துப் பாத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றார். "வேணாம் மச்சான். எதையும் பாக்காதீங்க. கரடி இல்லைன்னு என்கிட்ட சொன்னதை அக்காகிட்ட சொல்லாதீங்க."

அன்று அவர் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பெட்டி மூடியிருந்தது. மனைவி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடைக்கு வலியோடு வந்து நிற்பவர்களின் முகம் மாதிரி இருந்தது அவள் முகம்.

"தம்பி என்ன சொன்னான்?"

அவர் இரண்டு செருப்பையும் கழற்றினார். நிதானமாக ஓரத்தில் வைத்தார்.

"கரடியை எடுக்க முடியாதாம்."

"முடியாதாமா?"

"இந்த விளையாட்டுல அது அப்படித்தானாம். எங்க கட்டினாலும் வருமாம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வடக்க ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. நாம போனதே இல்ல. நான் தனியா எப்படிப் போறது? எனக்கு இடம் பாக்கத் தெரியல. ஏரிக்கரையும் மலையும் நான் பாத்ததுதானே, எது நின்னுச்சு? நீ போயிட்டா நான் அந்தப் பாறை மேலயே நின்னுட்டிருப்பேன்." மூச்சு வாங்கிற்று. "போகாத. சொல்லிட்டேன்."

அவர் வாழ்க்கையில் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீண்ட பேச்சு அது. அந்த வீட்டில் முதல்முறையாக அவர் பதிலுக்குக் காத்திருந்தார். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பள்ளத்தாக்குல தண்ணி இருக்குமா?" என்றாள் கடைசியில்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனைவி போகவில்லை. மகள் கோபப்பட்டாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொண்டாள், விடுமுறையில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்தபோது கோபம் போய்விட்டது. அப்பா ரயிலிலிருந்து இறங்கியதும் பேச ஆரம்பித்ததைக் கண்டு அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்ததாம். மச்சான் அவர் கேட்டுக்கொண்டபடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மேலாளர் இப்போது தன் வீட்டிலும் அந்த விளையாட்டை ஏற்றியிருக்கிறார், தீவில்தான் கட்டுகிறார்.

பள்ளத்தாக்கு வீடு போன மாதம் முடிந்தது. நல்ல இடம். மறுநாளே கரடி வந்து அதையும் இடித்துவிட்டது. அன்று மனைவிக்குக் கடையில் வேலை அதிகம். அவள் காலையில் போய் மாலைவரை வீட்டுக்கே வரவில்லை.